கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கிறவர்

அந்தப் படத்தில் இருப்பது என் அப்பா இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்தடித்துச் சொல்ல எனக்கு வயதில்லை. எழுபத்தெட்டு முடிந்துவிட்டது.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'பிச்சையா விலாஸ்' என்று ஒரு சைவ ஓட்டல் இருக்கிறதே, அது என் கடை. கல்லாப்பெட்டிக்கு மேலே, கோட்டுப் போட்டு, நெற்றியில் மூன்று பட்டை விபூதியோடு, சின்ன மேசைமேல் கையை ஊன்றி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கீழே 'பிச்சையா, கடை ஸ்தாபகர்' என்று எழுதியிருக்கும். அவர் யாரென்று எனக்கே தெரியாது. ஐம்பத்தைந்து வருஷமாகத் தெரியாது.

என் சொந்த அப்பா பெயர் பிச்சையாதான். அதில் பொய் இல்லை. குற்றாலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் தட்டுக் கழுவினார். எனக்கு ஆறு வயதில் செத்துப்போனார். அவரைப் போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை, முதுகுதான் ஞாபகம். எந்நேரமும் தொட்டிக்கு முன்னால் குனிந்தே இருந்த மனுஷனுக்கு வேறு எது ஞாபகத்தில் நிற்கும்?

1991இல் நான் கடை போட்டபோது கல்லாவுக்கு மேலே ஓர் ஆணி மட்டும் இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கடையானாலும் அந்த இடத்தில் அப்பன் படம் இருக்கும், மாலை இருக்கும், சிவப்பு ஜீரோ வாட் பல்பு இருக்கும். சாப்பிட வருகிறவன் முதலில் மேலே பார்ப்பான், பிறகுதான் இலையைப் பார்ப்பான். மேலே ஆள் இல்லாத கடையில் எவன் நம்பி வாய் வைப்பான்? பார்சல் கட்டப் பழைய பேப்பர் வாங்கப் போன இடத்தில் ஒரு சாக்குக்கு அடியில் இந்தப் படம் கிடந்தது. நல்ல மூஞ்சி, கோட்டு வேறு. கேட்டேன். கடைக்காரன் பேப்பரோடு சேர்த்தே தராசில் வைத்துவிட்டான். இருநூறு கிராம் இருந்தார்.

கண்ணாடிச் சட்டம் போடுகிறவனிடம் கொடுத்து நெற்றியில் பட்டை வரையச் சொன்னேன். தோற்றம், மறைவு என்ன போட என்று கேட்டான். வாயில் வந்த இரண்டு வருஷத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், எனக்கு அப்பா வந்துவிட்டார்.

யாருக்கும் தெரியாமலே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். கெடுத்தது கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டரில் படம் செய்யக் கற்றுக்கொண்டபின் ஆளாளுக்கு ஒரு தாத்தாவைச் செய்துகொண்டார்கள். குதிரை ஏறின தாத்தா, வெள்ளைக்காரனோடு கைகுலுக்குகிற தாத்தா. சொத்து வழக்கென்றால் இரண்டு தரப்பும் தாத்தாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும், இரண்டு தாத்தாவும் வாய் திறந்து சாட்சி சொல்வார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. திரையில் வருகிற எந்தத் தாத்தாவும் செல்லமாட்டார். காகிதத்தில் கழுவி எடுத்த பழைய போட்டோதான் செல்லும். அதையும் ஒரு மெஷினுக்குள் வைத்து வாசிக்கவேண்டும். எதில் செய்த படம், எந்த வீட்டில் தொங்கியது, யார் யார் கை பட்டது, எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். அடுத்தவன் ஆளைத் தன் ஆள் என்று எவனாவது வைத்திருந்தால், படம் சென்னையில் ஒரு கிடங்குக்குப் போகும். அவன் பெயர் 'போலி வாரிசு' பட்டியலில் பஸ் ஸ்டாண்டில் ஒட்டப்படும்.

எனக்கு எந்த மெஷின்மேலும் நம்பிக்கை கிடையாது. மாவாட்டுகிற மெஷினையே பக்கத்தில் நின்று முறைத்தால்தான் ஒழுங்காக ஆட்டும். அதனால் அந்தச் சட்டத்தின் பக்கமே போகாமல் இருந்தேன். என் மகன் திருமலைக்குமார் அதைத் தேடிப் போய்விட்டான்.

"எப்பா, எதிர்த்த கடைக்காரன் செப்புத் தகடு வாங்கிட்டான். எம்பது வருஷத்துக் கடைன்னு சர்க்கார்ல குடுத்திருக்காவ. நம்மது தொண்ணூறு வருஷம்லா? தாத்தா ஆயிரத்துத் தொள்ளாயிரத்தி அம்பத்தஞ்சுலயே ஆரம்பிச்சாவன்னு நீங்கதானே சொல்லுவீய?"

"அதுக்கு?"

"எழுதிப் போட்டுட்டேன். செவ்வாக்கெழம படத்தை வாசிக்க வாராவ."

ஐம்பது வயது ஆள். கேட்காமல் செய்துவிட்டு வந்து பல்லைக் காட்டுகிறான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தகடு கிடைக்காவிட்டால் போகட்டும். அந்த ஆணி மறுபடி மொட்டையாகிவிடும். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, உன் தாத்தாவை நான் சாக்குக்கு அடியில் பொறுக்கினேன் என்று இவனிடம் சொல்லவேண்டும்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்தாள். ஷகிலா பானு, கடையநல்லூர்க்காரி, முப்பது வயதிருக்கும். கையில் இட்லிக் கொப்பரை அளவுக்கு ஒரு மெஷின். அவளுக்குப் பின்னாலேயே வெள்ளைச் சட்டையில் கோமதிநாயகம் வந்தார். எங்கள் ஆட்கள் சங்கத்தின் செயலாளர். சங்கத்து வெள்ளிவிழா மலரில் முதல் பக்கத்தில் இந்தப் படத்தைத்தான் போட்டிருந்தார்: 'நம்மவர்களில் முதன்முதலில் கோட்டு அணிந்த தொழிலதிபர்.' அதை நான் மறுக்கவில்லை. கேட்டால்தானே மறுக்க.

"செவ்வாக்கெழம படத்தை எறக்கப்படாது தாயி" என்றேன்.

"எறக்குனதா நெனைக்க வேண்டாம், எடம் மாத்துனதா வச்சிக்கிடுங்க. சட்டத்தோட மேசையில வைங்க, போதும்."

"ராகுகாலம் வேற."

"நாலரைக்கு முடிஞ்சிரும். அதுவரைக்கும் ஒரு காப்பி குடுங்க ஐயா. இதுவரைக்கும் நூத்திமுப்பது வீட்ல பாத்திருக்கேன். ராகுகாலம், சூலம், வீட்ல தீட்டு, எல்லாம் சொல்லியிருக்காவ. ஒருத்தர் படத்துமேல படுத்தே கெடந்தாரு."

காப்பி குடித்தாள். ரவா தோசை ஒன்று தின்றாள். நன்றாக இருக்கிறது என்றாள். எனக்கு அவள்மேல் சந்தேகம் கூடியது. சரியாக நாலு முப்பத்தொன்றுக்குச் சட்டத்தின் பின்பக்க ஆணிகளைக் கழற்றி, அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, படத்தை மட்டும் உருவி மெஷினுக்குள் படுக்கப்போட்டாள். அது அம்மி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"காயிதம் பருத்தி. சீமைச் சரக்கு. அதுக்கு மேல வெள்ளை மண்ணு மாதிரி ஒரு பூச்சு. அதுக்கு மேல வெள்ளி."

"பாத்தீயளா!" என்றார் கோமதிநாயகம். "வெள்ளியில படம் எடுத்திருக்காரு. அந்தக் காலத்துலயே!"

"அந்தக் காலத்துல எல்லாப் படமும் வெள்ளிதான் சார். கறுப்பாத் தெரியுறதே வெள்ளிப் பொடிதான். அது உதிராம ஒரு பசையில ஒட்டிக்கிட்டு நிக்கு."

"என்ன பசை, மைதாவா?" என்றான் திருமலை.

"மாட்டெலும்பும் தோலும் காய்ச்சுன பசை."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நீ எந்த எடத்துல நின்னு பேசுதன்னு தெரியுதா தாயி? இது சுத்த சைவம். வெள்ளிக்கெழம வெங்காயம்கூட உரிக்க மாட்டோம்."

"நானா கொண்டாந்தேன்? உங்க அப்பாதான் ஐயா இத்தன வருஷமா மேல தொங்குதாவ."

திருமலை தயிர்ப் பாத்திரத்தை மெஷின் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தான்.

"அந்தப் பசையாலதான் எனக்குச் சம்பளமே" என்றாள் ஷகிலா பானு. "மழைக்கு ஈரத்தைக் குடிச்சு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். வருஷத்துக்கு ஒரு மடிப்பு. அந்த வருஷம் பட்ட பொகை, வேர்வை, தோல்தூசி எல்லாம் அந்த மடிப்புக்குள்ள போய் உக்காந்துக்கும். மரத்தை அறுத்தா வளையத்தை எண்ணுவோம்லா, அந்த மாதிரி நான் மடிப்பை எண்ணுதேன். இந்தா பாருங்க, தொண்ணூத்தொண்ணுல இருந்து ஒரே பெருங்காயம்."

"நம்ம சாம்பாரு!" திருமலைக்கு முகமெல்லாம் பெருமை.

"அதுக்கு முன்னால பெருங்காயம் ஒரு பொட்டுகூட இல்ல."

பெருமை இறங்கியது.

"நிலக்கரிப் பொகை இருக்கு. மெழுகுவத்திப் பொகை இருக்கு. மெழுகுவத்தின்னா கொஞ்ச நஞ்சமில்ல, தெனமும். டிசம்பர் மாசம் மட்டும் ரெட்டிப்பு."

"அப்ப கரண்டு கெடையாது" என்றார் கோமதிநாயகம். கொஞ்சம் யோசித்து, "டிசம்பர்ல சீக்கிரமே இருட்டிரும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நெத்திப் பட்டை தொண்ணூத்தொண்ணுல அடிச்ச பெயிண்டு. அதுக்குக் கீழ வெறும் நெத்தி. அப்புறம் இந்தக் கோட்டு. இதே கோட்டு எங்ககிட்ட இருக்கிற இன்னும் பதினோரு படத்துல வருது சார். வெவ்வேற ஆளு, ஒரே கோட்டு. எல்லாத்துலயும் மேலயிருந்து ரெண்டாவது பட்டன் இல்ல. ஸ்டூடியோக்காரர் கோட்டு. மாட்டிக்கிட்டுப் படம் எடுத்துட்டுக் கழட்டிக் குடுத்துரணும்."

மலரின் நாலாம் பக்கத்தில் கோமதிநாயகத்தின் தாத்தாவும் கோட்டோடுதான் இருக்கிறார். அதிலும் இரண்டாவது பட்டன் கிடையாது. எனக்குத் தெரியும். நான் எதையும் எண்ணிப் பார்க்கிறவன். கோமதிநாயகம் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

ஷகிலா பானு மெஷினின் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"இனிமே தொட்டவங்க மொகம் வரும். தோல்தூசி ஒரு பொட்டு இருந்தாப் போதும், தொட்ட அன்னைக்கு என்ன வயசோ அந்த வயசுல வரைஞ்சிரும்."

முதலில் ஒரு வழுக்கை. படம் கழுவின ஸ்டூடியோக்காரராம். இரண்டாவதாக, படத்தில் இருக்கிறவரே, முப்பது வயதில், கோட்டு இல்லாமல். பிறகு ஒரு பொம்பளை. பிறகு ஒரு வாலிபன். பழைய பேப்பர் கடைக்காரனை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது, அதே திருட்டு முழி. ஆறாவதாக ஒல்லியாக, தலை நிறைய முடியோடு ஒருத்தன்.

"எப்பா, இது நீங்களா? இம்புட்டு முடி எங்க போச்சு?"

"ஐயா" என்றாள் ஷகிலா பானு, குரலைத் தாழ்த்தி. "நீங்க தொட்டது தொண்ணூத்தொண்ணுலதான் தொடங்குது. அதுக்கு முன்னால இல்ல. சொந்த அப்பா படத்தை இருபத்திமூணு வயசு வரைக்கும் தொடாமலேவா இருந்தீய?"

இனி ராகுகாலம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"எடைக்கு வாங்குனேன்" என்றேன்.

"எடைக்கா?" என்றான் திருமலை.

"இருநூறு கிராம்."

அவன் வாடிக்கைக்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வேலை நேரத்தில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நான் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குக் குத்தாலத்துல முங்கி எள்ளும் தண்ணியும் விட்டது யாருக்கு? எம் மவன் காதுகுத்துக்கு இவரு முன்னால விழுந்து கும்பிட்டுட்டுல்லா போனோம்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கும்பிட்டிருப்பியாலே?"

மாவில் சோடா உப்பு அள்ளிப் போட்டவனைப் பார்க்கிற மாதிரி அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். என் பக்கமே அது திரும்பும் என்று நினைக்கவில்லை.

மெஷின் இன்னும் அரைத்துக்கொண்டிருந்தது. சட்டம் போட்டவன் முகம் வந்து போனது. அதற்கு அப்புறமும் நிற்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். "இது என்ன கூத்து? தொண்ணூத்திரெண்டுல இருந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் ஒரே கை. மடிப்புக்கு மடிப்பு. உங்க கையவிட இதுதான் கூட."

திரையில் ஒரு கிழவர் முகம் வந்தது. ஒட்டின கன்னம், நரைத்த தாடி. ஷகிலா பானு பக்கத்திலேயே அந்த இரண்டாவது முகத்தையும் கொண்டுவந்து வைத்தாள். அதே மூக்கு, அதே காது, நடுவில் நாற்பது வருஷம்.

அவளுக்குப் புரிவதற்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கிழவரை எனக்குத் தெரியும்.

கடை போட்ட மறுவருஷம் வந்தார். இரண்டு இட்லி கேட்டார். தின்கிற நேரமெல்லாம் கல்லாப் பக்கமே பார்த்தார். பெட்டிக்குக் குறிவைக்கிறான் என்று நினைத்தேன். கைகழுவிவிட்டு வந்து கேட்டார்: "அந்தப் படத்தை யாரு தொடைக்கா?"

"ஏன், உமக்கென்ன?"

"தூசியா இருக்கு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம நான் வந்து தொடைச்சு, பொட்டு வச்சு, மாலை போடுதேன். ரெண்டு இட்லி தாரும்."

எனக்கு முக்காலிமேல் ஏறுகிற வேலை மிச்சம். சரி என்றேன். ஏழு வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. சட்டத்தைக் கழற்றுவார், பூச்சி வராமல் உள்ளே கற்பூரம் வைப்பார், மூடுவார், கண்ணாடிமேல் சந்தனம் குங்குமம் வைப்பார், நான் வாங்கி வைத்த மாலையைப் போடுவார், கொஞ்சம் எட்டி நின்று பார்ப்பார். பிறகு இட்லியைத் தின்றுவிட்டுப் போவார். அவர் போனதும் நான் டம்ளர்களை எண்ணுவேன். பெயர் கேட்டதில்லை. 'பெரியவரே' என்றால் திரும்புவார், அது போதுமே. தொண்ணூற்றொன்பது ஐப்பசிக்குப் பிறகு வரவில்லை. கடைசியாக வந்த அன்றைக்கும் டம்ளரை எண்ணினேன், சரியாக இருந்தது. வேறு எங்கோ பெரிய இட்லி கிடைத்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். ஷகிலா பானு எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவன் படத்தின்மேல் மாலை தவறி விழுந்தாலே ஆயுசு குறைந்துவிட்டது என்று அடிதடிக்கு வருவார்கள். அந்த மனுஷன் ஏழு வருஷம் தன் படத்துக்குத் தானே மாலை போட்டிருக்கிறார். அதில் 'மறைவு 1972' என்று வேறு எழுதியிருந்தது.

"சட்டப்படி வாரிசைக் கேக்கணும்" என்றாள் அவள். இரண்டு முகத்தையும் எங்கேயோ அனுப்பினாள். அரை நிமிஷத்தில் கோயம்புத்தூரிலிருந்து பேரன் ஒருத்தன் திரையில் வந்துவிட்டான். ஜெபமாலைராஜ் என்று பெயர். கொழுகொழுவென்று, மரியாதையான பையன்தான்.

"ஆமா மேடம், எங்க தாத்தா சவரிராயன். தென்காசி ஸ்டேஷன்ல மூட்டை எறக்குனவரு. எங்கப்பா வீட்டை வித்துட்டு இங்க வந்தப்ப அவரு அங்கயே இருந்துக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணு இருக்கும்."

"அவரோட ஒரிஜினல் படம் இங்க இருக்கு. உங்களுக்குத்தான் மொத உரிமை. அனுப்பி வைக்கட்டுமா?"

"பேப்பர் படமா?" பையன் சங்கடப்பட்டான். "அதுல அவரு ரொம்பக் கறுப்பா இருப்பாருன்னு அம்மா சொல்லுவாங்க. எங்ககிட்ட செஞ்சு வச்சது இருக்கு மேடம். சூப்பரா வந்திருக்கு. இருங்க, கூப்பிடுறேன். தாத்தா!"

பக்கத்தில் ஒரு தாத்தா வந்தார். சிவந்த நிறம், வெள்ளை யூனிஃபார்ம், தலையில் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி. எங்களை மூன்று பாஷையில் ஆசீர்வதித்தார். மழை பெய்கிறதா என்று விசாரித்தார். திருமலை அனிச்சையாக எழுந்து நின்று கும்பிட்டுவிட்டான்.

"மூட்டை எறக்குனாருல்லா?" என்றேன்.

"எப்படியும் அதே ஸ்டேஷன்தானே அங்கிள்" என்றான் பையன்.

"அவரு எப்ப எறந்தாரு தம்பி?"

அவன் யோசித்தான். திரும்பித் தாத்தாவையே பார்த்தான். தாத்தா சிரித்துக்கொண்டே இருந்தார், அவருக்கு அது சொல்லிக் கொடுக்கப்படவில்லை. "தெரியல அங்கிள். நாங்க அந்தப் பக்கம் அப்புறம் வரவே இல்ல."

படம் வேண்டாம் என்று விரலை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையன் போய்விட்டான். ஸ்டேஷன் மாஸ்டர் இன்னும் கொஞ்ச நேரம் கையசைத்தார்.

"வாரிசு வேண்டாம்னுட்டா, சென்னைக்குத்தான் போகணும்" என்றாள் ஷகிலா பானு. என்னைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க பேரை ஒட்டாம இருக்க முடியுமான்னு பாக்கேன். படத்தை விட முடியாது."

"வேற வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்கு, இருந்தும் பிரயோசனமில்ல. படத்துல இருக்கிறவரே, இவங்க வச்சிக்கிடலாம்னு கைப்பட எழுதித் தந்திருக்கணும். நூத்திமுப்பது வீட்லயும் அந்த வரியைக் கோடு போட்டுத்தான் அடிச்சிருக்கேன். செத்தவங்க எங்கிட்டுக்கூடி ஐயா எழுதித் தருவாவ?" பையைத் திறந்தாள். "திருமலை அண்ணே, சட்டமும் அட்டையும் சேத்து எடுங்க. எல்லாம் ஒண்ணாத்தான் கட்டணும்."

திருமலை வேண்டாவெறுப்பாக எழுந்து கவிழ்த்துப் போட்டிருந்த அட்டையை எடுத்தான். தினசரி காலண்டர் அட்டை, பழுத்துப் போயிருந்தது. தூசி தட்டுவதற்குத் திருப்பினான். தட்டாமல் நின்றான்.

"எப்பா. இதுல பென்சில்ல என்னமோ எழுதியிருக்கு."

"படி. எனக்குக் கண்ணாடி இல்ல." கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவன் படித்தான்.

"'இந்தப் படத்தில் இருப்பது நான். பெயர் சவரிராயன். என் மகன் போட்டுவிட்டுப் போனதை இந்தப் பையன் எடுத்து மாட்டியிருக்கிறான். அப்பா என்று சொல்லிக்கொள்கிறான். இருக்கட்டும்.'"

ஷகிலா பானு பையை மூடினாள்.

"அதுக்குக் கீழ இன்னும் இருக்கு. வேற வேற நாள்ல எழுதுன மாதிரி. 'நான் 1972இல் செத்துவிட்டேனாம். நெற்றியில் பட்டையும் போட்டிருக்கிறான். கர்த்தர் பார்த்துக்கொள்வார்.' அப்புறம், 'இன்றைக்கு இட்லி கல் மாதிரி. அரிசிக்காரனை மாற்றவேண்டும். சொன்னால் சண்டைக்கு வருவான்.'"

"தொண்ணூத்திமூணுல அரிசிக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

"'நான் போனதும் டம்ளரை எண்ணுகிறான். கடை வைத்திருக்கிறவன் அப்படித்தான் இருக்கவேண்டும். என் மகனுக்கு அந்தப் புத்தி இல்லை.'"

தெருவில் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிப் போனது. திருமலை அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்தான்.

"'பேரன் பிறந்திருக்கிறான். எல்லோருக்கும் கேசரி கொடுத்தான். என்னிடம் இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டான். திருமலைக்குமார் என்று பெயர். என்னை ஒரு வார்த்தை கேட்காமலே வைத்துவிட்டான்.'"

அந்த வரியை அவன் மறுபடியும் படித்தான், சத்தமில்லாமல். உதடு மட்டும் அசைந்தது. சட்டை நுனியால் மூக்கைத் துடைத்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"கடைசியா ஒண்ணு இருக்கு. எழுத்து கோணல்மாணலா இருக்கு. 'மாலை வரவரக் கட்டையாகிறது. உயிரோடு இருக்கிறவனுக்கு இது போதும். செத்த பிறகு கொஞ்சம் நீளமாகப் போடட்டும்.'"

அதற்குக் கீழே அட்டை வெறுமையாக இருந்தது.

ஷகிலா பானு அந்த அட்டையையும் மெஷினுக்குள் வைத்தாள். அதே கை என்று மெஷின் சொன்னது. அவளுடைய படிவத்தில் இதுவரை அடித்து அடித்துப் பழகின வரியில் முதன்முதலாக ஏதோ எழுதினாள். எழுதத் தெரியாதவள் மாதிரி மெதுவாக எழுதினாள்.

"செப்புத் தகடு கெடைக்காது. கடை தொண்ணூத்தொண்ணுலதானே" என்றாள்.

"தகடு கெடக்கு, விடுங்க" என்றான் திருமலை.

"படத்துல இருக்கிறவரு உங்களுக்கு என்ன உறவுன்னு போட? அதையும் நிரப்பணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் திருமலை சொன்னான்: "அவரே எழுதி வச்சிருக்காருல்லா மேடம். அதையே பாத்து எழுதுங்க."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் மாடத்தி பூக்கடை. நாற்பது வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறேன். நாற்பது வருஷமாக ஒரு முழம்தான், அதிலும் அவள் கையை நம்பாமல் என் கையால் அளந்து வாங்குவேன். அன்றைக்கும் அவள் பழக்கத்தில் ஒரு முழத்தை நறுக்கப்போனாள்.

"நறுக்காத. சம்பங்கியில பெரிய மாலையாக் கட்டு. ஆள் ஒசரத்துக்கு வேணும்."

மாடத்தி பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஐயோ, யாரு அண்ணாச்சி தவறிட்டாவ?"

"எங்கப்பா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவரு எறந்து எத்தனையோ வருஷமாச்சுல்லா?"

"ஆமா" என்றேன். "எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."